மழையில் தாமதித்த ரத்தம்

மும்பை பரேலில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில், நாட்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களின் வெள்ளணுக்களைச் சோதிக்கும் பணியில் இருந்தேன். நியூட்ரோபில் என்னும் வெள்ளணு கிருமியை விழுங்கியதும் ஆக்சிஜனைச் சூப்பர் ஆக்சைடாகவும், அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாற்றி அதனைத் தாக்குகிறது. செல்லுக்குள் செலுத்தப்படும் டைஹைட்ரோரோடமின் என்னும் சாயப்பொருள் அப்போது ஆக்சிஜனேற்றமடைந்து பச்சையாக ஒளிரும். ஃப்ளோ சைட்டோமீட்டர் அவ்வொளியை ஒவ்வொரு செல்லிலும் அளக்கும். ஒரே ரத்தத்தில் ஒரு பங்கைத் தூண்டாமலும், மறு பங்கைப் பி.எம்.ஏ. என்னும் வேதிப்பொருள் கொண்டு தூண்டியும் 37 டிகிரியில் வைத்து ஒப்பிடுவோம்.

ஒரு ஜூலை மாதம், தாராவியில் வசிக்கும் திருநெல்வேலி அம்மா ஒருவரிடம் காலையில் எடுத்த ரத்தம், சயானில் தண்டவாளம் மூழ்கியதால் மாலையில்தான் வந்து சேர்ந்தது. அதுவும் பனிக்கட்டிப் பெட்டியில். தூண்டாத செல்களே பளிச்சென்று ஒளிர்ந்தன; தூண்டியபின் ஏற்றம் மிகக் குறைவு. சிரோசிஸ் என்னும் கல்லீரல் தழும்பேற்றம் முற்றியவர்களில் நியூட்ரோபில்கள் தூண்டாமலேயே கொதிநிலையில் இருக்கக்கூடும் என்று படித்திருந்ததால், இவருடைய கல்லீரலும் அந்த நிலைக்குச் சென்றுவிட்டதோ என்று அஞ்சி, குறிப்பேட்டில் அப்படியே எழுதியும் விட்டேன்.

எங்கள் மூத்த ஆய்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதனுடன் பயணம் செய்த ஆரோக்கியமானவரின் ரத்தம் எங்கே?" அப்படி எதுவும் இல்லை. நியூட்ரோபில் நெடுநேரம் காத்திருக்கும் செல் அன்று. குளிரும் குலுக்கலும் தாமதமுமே அதைத் தூண்டிவிடும். நான் அளந்தது நோயையா, ரயில் தாமதத்தையா என்பதைச் சொல்ல வழியே இல்லை. அந்தக் குறிப்பு மருத்துவரின் கைக்குப் போயிருந்தால் அந்த அம்மாவின் வீட்டில் எத்தனை இரவுகள் தூக்கமின்றிக் கழிந்திருக்கும் என்ற நினைப்பு என்னை இன்றும் விடுவதில்லை.

மறுநாள் நானே சென்றேன். "நேத்துதான ரெத்தம் எடுத்திய, திரும்பவுமா தம்பி?" என்றார் அவர். தவறு எங்களுடையது என்று நடந்ததை விளக்கியதும் மறுப்பின்றிக் கையை நீட்டினார். அவர் ரத்தத்தை, உறையாமல் காக்கும் ஹெபரின் உள்ள ஒரு குழாயிலும், அதே நேரத்தில் என் ரத்தத்தை இன்னொன்றிலும் எடுத்து, பனிக்கட்டியின்றி அறை வெப்பநிலையிலேயே கொண்டு வந்து, இரண்டு மணி நேரத்திற்குள் சோதித்தோம். தூண்டாத நிலையில் இருவர் செல்களும் மங்கலாகவே இருந்தன. தூண்டியதும் இரண்டு வரைபடங்களும் ஒளி கூடியதைக் காட்டி ஏறக்குறைய ஒன்றாகவே வலப்பக்கம் நகர்ந்தன. பழைய பதிவை அடித்துவிட்டு, ரத்தம் எடுத்த நேரம், வந்த நேரம், சோதித்த நேரம் மூன்றையும் எழுதுவதற்கு அன்றே குறிப்பேட்டில் கோடு போட்டேன்.