கராகே பொரித்துப் படியுங்கள்: ஜப்பான் உணவகத் தேர்வுக்கு ஓர் அனுபவ வழிகாட்டி

ஜப்பானில் உணவகத் துறைக்கான தொகுதேய் கினோ (குறிப்பிட்ட திறனாளர் விசா) தேர்வு எழுதப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தப் புத்தகம் படிக்கலாம் என்பதுதான். புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. ஜப்பான் ஃபுட் சர்வீஸ் சங்கம் பாடநூல்களை இலவசமாகவே தருகிறது. கான்ஜி என்னும் சீன வடிவ எழுத்துகளுக்கு மேல் படிக்கும் முறையும் போட்டிருப்பார்கள். ஆனால் உட்கார்ந்து மனப்பாடம் செய்தால் எண்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். 75 டிகிரி எதற்கு, 85 எதற்கு, 10 எதற்கு என்று தேர்வு அறையில் குழம்பி நிற்க வேண்டியிருக்கும். அதற்கு நான் கண்ட நல்ல வழி, கராகேயை வீட்டிலேயே ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்வது. இந்த ஒரு பொரித்த கோழிக்குள் பாடத்திட்டத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

நான் ஃபுகுவோகாவில் மொழிப் பள்ளி மாணவனாக இருந்தபோது, மாணவர் விசாவில் அனுமதித்த வாரம் 28 மணி நேரத்தை ஓர் இஸகாயாவின் (மதுவோடு உணவும் பரிமாறும் கடை) சமையலறையில் கழித்தேன். அங்கே கை செய்ததையும் பாடநூல் சொன்னதையும் இணைத்துக் கொடுத்தது வீட்டில் நான் பொரித்த கராகேதான்.

முதலில் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. இந்த விசா 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முதல் நிலைத் தேர்வில் எழுத்து, செயல்முறை இரண்டுக்கும் சேர்த்து 45 கேள்விகள், 70 நிமிடம். செயல்முறை என்றால் அடுப்பு முன் நிற்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. படத்தைப் பார்த்து எது சரி என்று சொல்ல வேண்டும், கணக்குப் போட்டுத் திட்டமிட வேண்டும், அவ்வளவுதான். சுகாதாரம், சமையல், வாடிக்கையாளர் சேவை என்று மூன்று பகுதிகள். மொத்த மதிப்பெண்ணில் 40 சதவீதம் சுகாதாரத்துக்கே போகிறது. 65 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. இதோடு ஜேஎல்பிடி என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் ஆள் எடுக்க உச்சவரம்பு உண்டு என்பதால், தேர்வு நடத்தும் அமைப்பின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

சரி, கோழிக்கு வருவோம்.

சூப்பர் மார்க்கெட்டில் 'தோரி மொமோ' என்று எழுதிய பாக்கெட்டை எடுங்கள். எலும்பு நீக்கிய, தோலோடு கூடிய தொடைக்கறி. நெஞ்சுக்கறி விலை குறைவுதான், ஆனால் பொரித்தால் சீக்கிரம் வறண்டுவிடும். முதலில் பழகுவதற்குத் தொடையே நல்லது. பாக்கெட்டின் ஓரத்தில் ஒரு தேதி இருக்கும், அதற்கு 'ஷோஹி கிகென்' என்று பெயர். அந்தத் தேதி தாண்டினால் சாப்பிடக் கூடாது. பக்கத்து வரிசையில் இருக்கும் சோயா சாஸ் பாட்டிலில் 'ஷோமி கிகென்' என்று இருக்கும். அதுவரை சுவை நன்றாக இருக்கும் என்று மட்டும் அர்த்தம். இரண்டையும் கையில் வைத்துக் கடையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். சுகாதாரப் பகுதிக்கு இந்த வித்தியாசம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், கடையில் பார்த்தவருக்கு அது மறக்காது.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். பச்சை இறைச்சியின் நீர் சொட்டினால் கீழே வேறு உணவு இருக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் 10 டிகிரிக்குக் கீழ், ஃபிரீசர் மைனஸ் 15-க்குக் கீழ். உறைந்த கோழி என்றால் முந்தைய நாளே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். மேசை மேல் வைத்து உருகவிட்டால் நடு பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளிப்புறத்தில் கிருமி பெருகத் தொடங்கிவிடும்.

அடுத்தது நம் ஆட்களுக்குக் கொஞ்சம் கஷ்டமான இடம். நம் வீடுகளில் கோழியை மஞ்சள் தூள் போட்டு நாலு தண்ணீர் அலசாமல் சட்டியில் போட மாட்டார்கள். இங்கே அலசக் கூடாது. கோழியில் கேம்பிலோபாக்டர் என்ற கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். சில நூறு கிருமிகள் உள்ளே போனாலே வயிற்றைக் கெடுக்கும். குழாயடியில் அலசும்போது தெறிக்கும் துளிகள் தொட்டி, பாத்திரம், பக்கத்தில் நறுக்கி வைத்த முட்டைக்கோஸ் வரை போகும். கிருமியைக் கொல்லப் போவது எண்ணெயின் சூடுதான், தண்ணீர் அதைப் பரப்ப மட்டுமே செய்யும். ஜப்பானியப் பாடநூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் மூன்று விதிகள் உண்டு: ஒட்டவிடாதே, பெருகவிடாதே, கொன்றுவிடு. அலசாமல் விடுவது முதல் விதி, ஃபிரிட்ஜ் இரண்டாவது, பொரிப்பது மூன்றாவது.

அலசுவதற்குப் பதிலாகக் கிச்சன் பேப்பரால் நன்றாக ஒற்றி எடுங்கள். மொறுமொறுப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது. மேலே ஈரம் நின்றால் மாவு கூழாகிவிடும், எண்ணெயும் தெறிக்கும். மஞ்சள் கொழுப்புக் கட்டிகளையும் வெள்ளை நரம்பையும் நீக்கிவிட்டு, 30 முதல் 40 கிராம் துண்டுகளாக நறுக்குங்கள். எல்லாத் துண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். உணவகச் சமையலறையில் இறைச்சிக்கும் காய்கறிக்கும் வெவ்வேறு நிறப் பலகை வைத்திருப்பார்கள். வீட்டில் ஒரே பலகைதான் என்றால் காய்கறியை முதலில் நறுக்குங்கள், கோழியைக் கடைசியில்.

அரை கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், இரண்டு மேசைக்கரண்டி சாக்கே (அரிசி மது), துருவிய இஞ்சியும் பூண்டும் ஒவ்வொரு தேக்கரண்டி. பிசறி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். நம் ஊர் சிக்கன் 65 போல இரவெல்லாம் ஊறவைக்கும் வேலை இதற்கு வேண்டாம். சோயா சாஸின் உப்பு கறியிலிருந்து நீரை இழுத்துவிடும். மிரின் என்னும் இனிப்புச் சமையல் மதுவும் சர்க்கரையும் சேர்த்தால் வெளியே சீக்கிரம் கருத்துவிடும், உள்ளே வெந்திருக்காது.

மாவைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து. என் கருத்து இது: ஊறிய கறியை வடித்துவிட்டு இரண்டு கரண்டி மைதா போட்டுப் பிசற வேண்டும், பிறகு கத்தாகுரிக்கோ என்னும் உருளைக்கிழங்கு மாவில் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். மைதா சுவையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பொன்னிறமும் தரும். கத்தாகுரிக்கோ மொறுமொறுப்பைத் தரும். கத்தாகுரிக்கோ மட்டும் போட்டுப் பொரித்தால் வெண்மை கலந்த மேல்தோலோடு வருவது தத்சுதா ஆகே என்ற வகைக்கு நெருக்கம். புரட்டியதும் உதிரி மாவைத் தட்டிவிட்டு உடனே எண்ணெயில் போடுங்கள். வைத்திருந்தால் மாவு ஈரத்தைக் குடித்துப் பசையாகிவிடும்.

இனிப் பொரிப்பது. இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். சிறிய, ஆழமான பாத்திரத்தில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய், 170 டிகிரி. எண்ணெயின் மேற்பரப்பில் பாதிக்கு மேல் துண்டுகள் இருக்கக் கூடாது, இருந்தால் சூடு இறங்கிவிடும். போட்ட முதல் ஒரு நிமிடம் தொடாதீர்கள், மாவு பிய்ந்துவரும். மூன்று நிமிடத்தில் எடுத்துக் கம்பித் தட்டில் நான்கு நிமிடம் வையுங்கள். அதற்குள் எண்ணெயை 190-க்கு ஏற்றி, ஒரு நிமிடம் மறுபடியும் பொரியுங்கள். இந்த இரண்டாம் முறைக்கு நிதோ ஆகே என்று பெயர். தட்டில் இருக்கும் நான்கு நிமிடத்தில் துண்டின் சூடு உள்ளே பரவி நடுப்பகுதியை வேகவைக்கிறது, உள்ளே இருந்த நீராவி மேல்தோலுக்கு வருகிறது. இரண்டாம் முறை பொரிப்பது அந்த ஈரத்தை விரட்டுவதற்காக.

காதைக் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள். போட்டவுடன் பெரிய குமிழிகளும் கனமான சத்தமும் வரும். நீர் குறையக் குறையக் குமிழி சிறிதாகும், சத்தம் மெலிந்து கூர்மையாகும். பொரிக்கும் நீளமான குச்சிகளால் துண்டைத் தூக்கினால் எடை குறைந்தது தெரியும், குச்சி வழியாக விரலுக்கு ஒரு நடுக்கம் வரும். எங்கள் கடையின் மூத்த சமையல்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தச் சத்தத்தைக் கேட்டே "எடு" என்பார்.

ஆனால் தேர்வுக்குச் சத்தம் போதாது, வெப்பமானி வேண்டும். ஜப்பான் சுகாதார அமைச்சகத்தின் பெருமளவு சமையலுக்கான கையேட்டில், பொரியல் வகைக்கு வரிசையே கொடுத்திருக்கிறார்கள். எண்ணெயின் சூட்டை உறுதி செய்து, தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நடுவில் மூன்று இடங்களிலாவது உணவின் மையச் சூட்டை அளக்க வேண்டும். எல்லாமே 75 டிகிரியைத் தொட்ட பிறகு இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் சூடாக்க வேண்டும். இதை வீட்டிலேயே செய்து பாருங்கள். மூன்று பெரிய துண்டுகளில் வெப்பமானியைக் குத்தினால், தட்டில் ஓய்வெடுக்கும்போதே எண் தானாக ஏறுவது தெரியும். '75 டிகிரி, ஒரு நிமிடம்' என்பது பிறகு ஒருபோதும் மறக்காது. சிப்பி போல நோரோவைரஸ் இருக்கக்கூடிய உணவுக்கு 85 முதல் 90 டிகிரி, 90 விநாடி. அது கோழிக்கான எண் இல்லை என்பதும் தெளிவாகிவிடும்.

2021 ஜூன் முதல் ஹாசப் (HACCP) என்னும் உணவுப் பாதுகாப்பு முறை உணவகங்களுக்கும் முழுமையாகக் கட்டாயமாகிவிட்டது. அதில் உணவுகளை மூன்று குழுவாகப் பிரிப்பார்கள். பொரித்துச் சூடாகத் தட்டில் வைக்கும் கராகே இரண்டாம் குழு. ஓரத்தில் வைக்கும், சூடாக்காத பச்சை முட்டைக்கோஸ் முதல் குழு. அதே கராகேயை ஆறவைத்துப் பெந்தோ என்னும் உணவுப் பெட்டியில் அடைத்தால் மூன்றாம் குழுவுக்குப் போய்விடும், ஏனென்றால் 60-லிருந்து 10 டிகிரி வரையிலான ஆபத்தான பகுதியைக் கடந்து வருகிறது. அதனால் 30 நிமிடத்தில் 20 டிகிரி அளவுக்கோ, 60 நிமிடத்தில் 10 டிகிரி அளவுக்கோ குளிரவைக்கச் சொல்கிறார்கள். ஒரே உணவு, பரிமாறும் விதத்தால் குழு மாறுகிறது. இதைப் புரிந்துகொண்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

கணக்குக் கேள்விக்கும் இதையே வைத்துப் பழகலாம். நாளைக்கு 40 தட்டு, ஒரு தட்டுக்கு 30 கிராம் துண்டு ஐந்து. மொத்தம் 6 கிலோ. ஃபிரிட்ஜில் ஒன்றரை கிலோ இருக்கிறது, கறி வருவது 2 கிலோ பாக்கெட்டில். எத்தனை பாக்கெட் வாங்க வேண்டும்? தேவை நாலரை கிலோ, எனவே மூன்று. கூடவே, முதலில் எதைப் பயன்படுத்துவது? முன்பே இருந்த ஒன்றரை கிலோவை. இப்படிக் கேள்விகளை நீங்களே தயாரித்து ஜப்பானிய மொழியில் எழுதிப் பாருங்கள். எண் சுலபம், வாக்கியம்தான் நேரத்தைத் தின்னும்.

வாடிக்கையாளர் சேவைப் பகுதியில் ஒவ்வாமை மிக முக்கியம். "கோதுமை ஒவ்வாது, கராகே சாப்பிடலாமா?" என்று ஒருவர் கேட்கிறார் என்று வையுங்கள். மைதாவைத் தவிர்த்து வெறும் கத்தாகுரிக்கோவில் பொரித்தால் சரி என்று தோன்றும். சரியில்லை. வழக்கமான சோயா சாஸிலேயே கோதுமை இருக்கிறது. அதே எண்ணெயில், கோதுமை மாவில் தோய்த்த தெம்புராவும் பொரித்திருப்பார்கள். எனவே ஊகத்தில் "சாப்பிடலாம்" என்று சொல்லவே கூடாது, பொறுப்பாளரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் 2023-இல் அக்ரூட்டும் சேர்ந்தது. பட்டியல் மாறக்கூடியது, புதிய பதிப்பையே படியுங்கள். முஸ்லிம் வாடிக்கையாளர் கராகே சாப்பிடலாமா என்று கேட்டால், அதில் உள்ள சாக்கேயும் தடையாக இருக்கலாம் என்பதை இந்தச் சமையல் உங்களுக்கு நினைவூட்டும்.

கடைசியாக, எண்ணெய்ப் பாதுகாப்பு. 2008 அக்டோபருக்குப் பிறகு ஜப்பானில் விற்கும் வீட்டு காஸ் அடுப்புகளில் அதிகச் சூட்டைக் கண்டறியும் சென்சார் கட்டாயம். அதை நம்பிக்கூட அடுப்பைவிட்டு நகராதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. பலருக்குத் தெரியாத இன்னொன்று, வடித்தெடுத்த பொரிதூளைச் சூட்டோடு குவித்துக் குப்பையில் போட்டால் உள்ளே சூடு ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். பரப்பி ஆறவைத்து, தண்ணீர் தெளித்த பிறகே போடுங்கள். பயன்படுத்திய எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல், கடையில் கிடைக்கும் கெட்டியாக்கும் பொடியைக் கலந்துவிடுங்கள். எண்ணெய் 80 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே, அடுப்பை அணைத்துவிட்டுப் பொடியைப் போட வேண்டும், முழுதும் ஆறிய எண்ணெயில் அது கரையாது. உறைந்ததும் கட்டியாக எடுத்து, உங்கள் நகராட்சி சொல்லும் குப்பை நாளில் வைத்துவிடலாம்.