வடிகாலிலும் குப்பையிலும் காலநிலை வேலை

உள்ளாட்சி ஒன்றின் பொறியியல் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வடிகால், சாலை, தெருவிளக்கு, குப்பைக் கிடங்கு என்றுதான் கோப்புகள் வரும். காலநிலை மாற்றம் மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளும் விஷயம் என்ற நினைப்பு எங்கள் துறையில் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தச் சாதாரணக் கோப்புகளில்தான் பாதி வேலை கிடக்கிறது.

வடிகாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகலத்தைத் தீர்மானிப்பதில் முக்கியமானது ஒரு எண்: மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்யும் என்று நாம் வைத்துக்கொள்ளும் கணக்கு. அவசரத்தில் பழைய எஸ்டிமேட்டை எடுத்து, நீளத்தையும் தேதியையும் மட்டும் மாற்றி அனுப்புவது எங்கும் நடப்பதுதான். அப்படிச் செய்தால், சில பத்தாண்டுகளுக்கு முன்பு பெய்த மழைக்குத்தான் இன்றைக்கு வடிகால் கட்டுவோம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் பெய்கிற மழை கொட்டித் தீர்க்கிறது.

2011 ஜூலை 2 அன்று டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் இரண்டு மணி நேரத்தில் சுமார் 150 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மறு ஆண்டே அந்த மாநகராட்சி பெருமழைக்கென்று தனித் திட்டம் போட்டது. எல்லாக் குழாய்களையும் பெரிதாக்குவதைவிட, பூங்காக்களில் தண்ணீர் தற்காலிகமாகத் தேங்கவும் சில தெருக்களின் வழியே ஓடவும் வழிசெய்தால் செலவு குறையும் என்று கணக்குப் பார்த்தார்கள். பூங்காப் பிரிவும் சாலைப் பிரிவும் வடிகால் பிரிவும் ஒரே வரைபடத்தைப் பார்த்துப் பேசினால்தான் இது நடக்கும். அதுதான் உள்ளாட்சிக்குள் மிகவும் கடினமான வேலை என்பேன்.

அடுத்து குப்பை. மக்கும் குப்பையை மலைபோல் குவித்தால், உள்ளே காற்றுப் புகாமல் அழுகி மீத்தேன் கிளம்பும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். அதே குப்பையை உரமாக்கினால் அந்த மீத்தேனில் பெரும்பகுதி கிளம்பாது. தென் கொரியா 2005-லேயே உணவுக் கழிவை அப்படியே நிலத்தில் கொட்டத் தடை போட்டது. தரம் பிரிக்காததற்கு மக்களைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். நான் கண்டது வேறு. வீட்டில் இரண்டு வாளியில் பிரித்துப் போட்டதை, தடுப்பு இல்லாத வண்டியில் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போனால், அதைப் பார்த்த வீட்டுக்காரர் மறுநாளும் எதற்குப் பிரிப்பார்? முதலில் வண்டியில் தடுப்பு வேண்டும். அப்புறம்தான் விழிப்புணர்வுப் பேரணி எல்லாம்.

வெயிலுக்கும் இதே கதைதான். 2010 மே மாதத்தில் அகமதாபாத்தை வெப்ப அலை தாக்கியபோது, வழக்கத்தைவிட 1,300-க்கும் அதிகமானோர் கூடுதலாக இறந்தார்கள். 2013-இல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி, குடிநீர், குளிர்ந்த இடங்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. எந்தத் தெருவில் தகரக் கூரை வீடுகள் அதிகம், எங்கே வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்பது தலைநகரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அந்தத் தெருவில் தினமும் நடக்கும் தூய்மைப் பணியாளருக்கும் சுகாதார ஊழியருக்கும் தெரியும்.

மரம் நடும் விழாவுக்குப் பணம் சுலபமாகக் கிடைத்துவிடும். நட்ட மரத்தின் அடிவரை பேவர் பிளாக் பதித்து, வேருக்குத் தண்ணீர் இறங்க இடமில்லாமல் செய்துவிடுகிறோம். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாக விட வேண்டும் என்று எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுதிவிட்டால் ஒப்பந்ததாரர் விடுவார். வாய்ச்சொல்லாகச் சொன்னால் விடமாட்டார். இத்தனை ஆண்டு வேலையில் நான் உறுதியாகக் கண்டுகொண்டது இது.

என் பெரிய ஆதங்கம் பராமரிப்பு நிதிதான். புது வடிகால் கட்ட நிதி வரும், திறப்பு விழாவும் நடக்கும். தூர்வார மட்டும் பணம் இருக்காது. வண்டல் பாதி அடைத்த வடிகால் எந்த மழைக்குக் கணக்குப் போட்டுக் கட்டியதாக இருந்தால் என்ன? நிதிநிலை அறிக்கையில் ஒவ்வொரு புதிய கட்டுமானத்துக்கும் பக்கத்திலேயே அதன் ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு ஆண்டும் எழுதுகிறேன். இந்த ஆண்டும் எழுதியிருக்கிறேன்.