தாடை மூட்டில் இரட்டைத் தலை: எந்த வெட்டில் பார்ப்பது?

"வாயத் தொறந்தா செவிப்பக்கம் டக்குனு கேக்கு" என்று அம்பாசமுத்திரத்திலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் பாளையங்கோட்டைக்கு வருகிறவர்களுக்கு முதலில் எடுப்பது ஓபிஜி, அதாவது இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே. அதில் காண்டைல், அதாவது கீழ்த்தாடை எலும்பின் தலை, நடுவில் பள்ளம் விழுந்து இரண்டாகத் தெரிந்தால் அது இரட்டைத் தலையாக இருக்கலாம். 1941-இல் மானிடவியலாளர் ஹர்ட்லிச்கா மண்டையோடுகளில் பார்த்து விவரித்தது இதைத்தான். பிறவியிலேயே வரலாம், சிறு வயதில் மோவாயில் அடிபட்டதாலும் வரலாம். ஓபிஜியில் இரு தலைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பள்ளம் மறைந்துபோவதும் உண்டு.

உறுதி செய்ய சிபிசிடி, அதாவது எலும்பை மெல்லிய வெட்டுகளாகக் காட்டும் முப்பரிமாண எக்ஸ்ரே, வேண்டும். ஸ்கேன் சீட்டில் 'இரு பக்க மூட்டும், பல் கடித்த நிலையில்' என்று எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் ஒப்பிட வழியில்லை. படம் ஓடும்போது எச்சில் விழுங்கினாலே விளிம்பு கலங்கிவிடும். பிறகு படுக்கை (கிடைமட்ட) வெட்டில் காண்டைல் மிக அகலமாகத் தெரியும் இடத்தில், அதன் நீள அச்சில் கோடு போட வேண்டும். அந்த அச்சு நேர் குறுக்காக இருக்காது. உள்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும், ஆளுக்கு ஆள் கோணம் மாறும். கோட்டுக்கு இணையான வெட்டில் உள்–வெளித் தலைகள் பிரிந்து தெரியும். செங்குத்தான வெட்டில் முன்–பின் தலைகள். இந்தத் திருத்தம் செய்யாமல் பார்ப்பதால்தான் பலதும் தப்பிப்போகிறது.

பள்ளத்தின் விளிம்பு முழுக்க வெள்ளைக் கோடாக வழவழப்பாக இருந்தால் இரட்டைத் தலை. கூர்மையாக, வெள்ளைக் கோடு இல்லாமல் இருந்தால் புது முறிவைச் சந்தேகியுங்கள். சத்தத்துக்கு இரட்டைத் தலைதான் காரணம் என்று உடனே எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் நழுவுவதால் வரும் சத்தம் அது. டிஸ்க் சிபிசிடியில் தெரியாது. வாய் மூடியும் திறந்தும் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும்.

பனங்கிழங்கு மெல்லும்போது காதில் ஈரம் கசிகிறது என்று ஒருவர் சொன்னால், காதுக்குழாயின் முன்சுவரைப் பாருங்கள். பிள்ளைப் பருவத்தில் அங்கே இருக்கும் ஹஷ்கே துளை 5 வயதுக்குள் பெரும்பாலும் மூடிவிடும். மூடாமல் நின்றால் மூட்டுத் திசு அதன் வழியே காதுக்குள் பிதுங்கலாம். மெல்லிய சிடி வெட்டுகளில், எலும்பு விண்டோவில் (எலும்பு தெளிவாகத் தெரியும் பட அமைப்பில்) தேடுங்கள். ஆர்த்ரோஸ்கோப்பி (மூட்டுக்குள் சிறு கேமரா விட்டுப் பார்ப்பது) செய்யப் போகிறவருக்கு இது முன்கூட்டியே தெரிய வேண்டும். கருவி காதுக்குள் போய்விடக்கூடும்.

மூட்டுக்கு முன்னுள்ள எலும்பு மேட்டில் காற்றறைகள் இருப்பதைக் கட்டி என்று எண்ணிப் பயந்துவிடுகிறார்கள். எலும்பு வீங்காமல், புறணி (அதன் வெளி ஓடு) அரிக்கப்படாமல் இருந்தால் சிகிச்சை தேவையில்லை. ஆனால் தாடை அடிக்கடி மூட்டைவிட்டு இறங்கும் நோயாளிக்கு அந்த மேட்டைச் செதுக்கும் அறுவைக்கு முன் ரிப்போர்ட்டில் அது கட்டாயம் இருக்க வேண்டும். செதுக்கும்போது அறை திறந்துகொண்டால் மூட்டுக்கும் காதின் பின்னுள்ள காற்றறைகளுக்கும் இடையே கிருமி பரவ வழியாகிவிடும்.