சாலே குடியரசைத் தேடி ரபாத்தில்

17-ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளையர்கள் நடத்திய சாலே குடியரசைப் பார்க்க மொராக்கோ போனேன். ரபாத் ரயில் நிலையத்தில் இறங்கியதும் டாக்சிக்காரர் ஒருவர் கோபத்தைக் கிளப்பிவிட்டார். அந்தக் குடியரசு இருந்த உதாயா கோட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. மீட்டர் போட மாட்டேன், 100 திர்ஹம் கொடு என்றார். அநியாயம். பேசாமல் நடந்துவிட்டேன், நீங்களும் நடங்கள். பழைய கடைத்தெரு வழியாகப் போனால் தூரமே தெரியாது.

கோட்டைக்குள் பலரும் நீலமும் வெள்ளையும் பூசிய சந்துகளில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கடலைப் பார்த்த திறந்தவெளி வரைக்கும் போங்கள். கீழே பூ ரெக்ரெக் ஆறு அட்லாண்டிக்கில் சேர்கிறது, முகத்துவாரத்தில் மணல்திட்டில் அலை உடைகிறது. பெரிய போர்க்கப்பல்கள் உள்ளே வர முடியாமல் நின்றது அந்த மணலால்தான். கடற்கொள்ளையரின் சிறிய, ஆழம் தேவைப்படாத கப்பல்களோ சுலபமாக நுழைந்துவிடும்.

1609 முதல் ஸ்பெயின் அரசர் மூன்றாம் பிலிப் மொரிஸ்கோக்களை, அதாவது கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்களை, நாட்டைவிட்டு விரட்டினார். அவர்களில் ஸ்பெயினின் ஓர்னாச்சோஸ் ஊர்க்காரர்கள் கையில் பணத்தோடு வந்து கோட்டையில் குடியேறினார்கள். மற்றவர்கள் கீழே ஊரில். ரபாத்துக்கு அப்போது புதிய சாலே என்றே பெயர். 1627-இல் மொராக்கோ சுல்தானின் பிடியை உதறித் தனிக் குடியரசு ஆனார்கள். திவான் என்ற மன்றம், அது தேர்ந்தெடுக்கும் ஆளுநர், கொள்ளையில் பத்தில் ஒரு பங்கு பொதுக் கருவூலத்துக்கு! மன்னர்கள் காலத்தில் இப்படியொரு ஊர் என்பதை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. ஆனால் கோட்டைக்காரர்களும் ஊர்க்காரர்களும் வருமானத்துக்காக ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதும் உண்டு.

இவர்களின் கடற்படைத் தலைவர் யான் யான்சூன் ஒரு டச்சுக்காரர், மதம் மாறி முராத் ரெய்ஸ் ஆனவர். அதே 1627-இல் ஐஸ்லாந்தின் கிரிண்டவிக் வரை போய் மக்களைப் பிடித்துவந்து இங்கே அடிமைகளாக விற்றார். வீடிழந்து வந்தவர்களின் ஊரே மற்றவர்களை வீட்டிலிருந்து பிடுங்கி விற்றிருக்கிறது. இதை விட்டுவிட்டு வீரக்கதை மட்டும் சொல்பவர்களை என்னால் ஏற்க முடியாது.

அப்புறம் எதிர்க்கரையிலுள்ள பழைய சாலேவுக்குத் துடுப்புப் படகில் போனேன். சில்லறைக் காசுதான், டிராமும் உண்டு. அங்கே பாப் ம்ரிசா வாசலை அவசியம் பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டில் கால்வாய் வழியே கப்பல்கள் உள்ளே வருவதற்காகவே அவ்வளவு உயரமாக வளைவு கட்டியிருக்கிறார்கள். இப்போது மண் மேடிட்டுத் தெருவாகிவிட்டது.

சாப்பாடு! மல்லித்தழை, பூண்டு, சீரகம் அரைத்துத் தடவிப் பொரித்த மத்தி மீனும் சுடச்சுட ரொட்டியும். டாக்சிக்காரர் கேட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை, இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

1668-இல் அலவி வம்சத்து சுல்தான் மூலே ரஷீத் ஊரைப் பிடித்துக் குடியரசை முடித்துவைத்தார். தங்கும் இடம் ரபாத் பழைய நகரத்துக்குள்ளேயே பாருங்கள், டாக்சிச் செலவு மிச்சமாகும்.