குளிர் நிலத்தில் சதைப்பற்றுச் செடிகளின் கவாத்து: நாட்குறிப்பு

நவம்பர் 9

சன்னலோரத்து எச்செவேரியா வெளிச்சத்தைத் தேடி நீளத் தொடங்கிவிட்டது. நெருங்கி அடுக்கியிருந்த இலைகளுக்கு இடையே வெளிறிய தண்டு தெரிகிறது. பார்க்க அழகில்லைதான், ஆனாலும் இந்த மாதத்தில் அதன்மேல் கத்தி வைக்கக் கூடாது. வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டுவதற்கு வெதுவெதுப்பும் காற்றோட்டமும் வேண்டும். பகல் குறுகி, காற்றில் ஈரம் தேங்கி நிற்கும் காலத்தில் காயம் நெடுநாள் ஆறாமல் கிடப்பதால், சாம்பல் பூஞ்சணம் எளிதில் பற்றிக்கொள்ளும். அதையும் மீறித் துளிர்த்தால், அந்தத் துளிரும் இதே மங்கலான வெளிச்சத்தில் மெலிந்து நீண்டுதான் வரும். நீரை வெகுவாகக் குறைத்து, வீட்டிலேயே நல்ல வெளிச்சமும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியும் உள்ள இடத்திற்குத் தொட்டியை மாற்றினேன். வளர்ச்சி அடங்கினால் நீட்சியும் அடங்கும்.

ஜனவரி 12

அடியில் சருகாய்க் காய்ந்த இலைகளை மட்டும் எடுத்தேன். இழுத்தவுடன் தானே கழன்று வருவதுதான் எடுக்கத்தக்கது.

மார்ச் 3

வெளியே உள்ள உயரமான சீடம் செடிகளின் பழைய தண்டுகளைத் தரையை ஒட்டி வெட்டினேன். இலையுதிர் காலத்திலேயே இவற்றை அகற்றித் தோட்டத்தைத் துப்புரவாக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காய்ந்த தண்டுகள் குளிர்காலம் முழுவதும் செடியின் அடிப்பகுதிக்கு ஓரளவு காப்பாக இருக்கின்றன. இப்போது அடியில் முட்டைக்கோசின் சிறு குருத்துகளைப் போலப் புதுத்துளிர்கள் திரண்டிருப்பதால், அவை நசுங்காதபடி தண்டுகளை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டியிருந்தது.

மார்ச் 29

எச்செவேரியாவின் நடுவில் புதிய இலைகள் இறுக்கமாகவும் நல்ல நிறத்துடனும் வருகின்றன. நான் எதிர்பார்த்திருந்த அடையாளம் இதுவே. நாட்காட்டியை விட இதையே நம்பலாம். கத்தியை 70 விழுக்காட்டு ஆல்கஹாலால் துடைத்து, இலைக்கொத்தின் கீழே விரற்கடை நீளத் தண்டு இருக்கும்படி ஒரே வெட்டில் தலையைத் துண்டித்தேன். மண் முன்பே நன்கு காய்ந்திருந்தது. வெட்டுக்கு முன் நீர் விடாதிருப்பது முக்கியம். தலையை நிழலான உலர்ந்த இடத்தில் வைத்திருக்கிறேன். அடித்தண்டில் சில இலைகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நுனிமொட்டில் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் கீழ்நோக்கி வந்து பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருந்தது. நுனி போய்விட்டதால், எஞ்சிய இலைகள் தரும் உணவைக் கொண்டு அம்மொட்டுகள் விழித்துக்கொள்ளும்.

ஏப்ரல் 11

வெட்டுவாய் இறுகித் தொட்டால் உலர்ந்திருந்ததால், தலையைப் பெர்லைட் என்னும் இலேசான வெண்ணிறக் கல்துகள்கள் கலந்த மண்ணில் ஊன்றினேன். குளிர்ந்த வீடுகளில் தோல் கட்ட இரண்டு வாரங்கள்கூட ஆகலாம். அவசரப்படுவதால் அழுகல்தான் மிஞ்சும். வேர் விடும் வரை நீர் மிகக் கொஞ்சமே.

இன்று ஜேட் செடிக்கும் கவாத்து. அதன் தண்டில் இலை உதிர்ந்த இடங்கள் வளையங்களாகத் தெரியும். வளையத்திற்குச் சற்று மேலே வெட்டினால், மேலே எஞ்சிய துண்டு சுருங்கிக் காய்ந்து விழ, வளையத்தில் பெரும்பாலும் இரு துளிர்கள் எதிரெதிராகக் கிளம்பும். எனவே எந்த வளையத்தின்மேல் வெட்டுகிறோம் என்பதே அடுத்த ஆண்டின் கிளை எங்கே பிரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்தச் செடியை நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்த பிறகே வெட்டுவேன்.

ஏப்ரல் 26

இயோனியம் குளிர்பருவத்தில் வளர்வது, ஆகவே இலையுதிர் காலத்தில் கவாத்து செய்யலாம் என்று படித்திருக்கிறேன். வெயில் நிறைந்த மிதமான குளிர்காலம் உள்ள இடங்களுக்கு அது பொருந்தும். பெரும்பாலான இயோனியங்களின் தாயகமான கேனரி தீவுகள் அப்படிப்பட்டவை. வீட்டினுள் அரைவெளிச்சத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் செடிக்கு அந்த விதியைச் சுமத்துவது நியாயமில்லை. பகல் நீண்ட பிறகு, இப்போதுதான் வெட்டினேன்.

மே 25

உயரச் சீடத்தின் தண்டுகளில் ஒரு பகுதியைப் பாதி உயரத்திற்குக் குறைத்தேன். அவை சற்றுத் தாமதமாகப் பூத்தாலும், குட்டையாகவும் உறுதியாகவும் நிற்பதால் பூக்களின் பாரத்தில் சாய்வதில்லை.

யூஃபோர்பியாவின் ஒரு கிளையையும் எடுத்தேன். அதன் பால் தோலை எரிக்கும். கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. கையுறையும் கண்ணாடியும் அணியாமல் அதைத் தொடவே வேண்டாம். வெட்டுவாயில் நீர் தெளித்தால் பால் வடிவது நின்றுவிடும்.

ஜூலை 14

பூத்து முடிந்த செம்பர்விவம் இலைக்கொத்து வாடுகிறது. அது ஒரே முறை பூத்து மடியும் இயல்புடையது. பூத்தண்டோடு சேர்த்து அதைத் திருகி எடுத்து, சுற்றியிருந்த குட்டிகள் பரவ இடம் விட்டேன்.

ஆகஸ்ட் 20

இந்த ஆண்டின் கடைசி வெட்டு: ஜேட் செடியில் உள்நோக்கிக் குறுக்கே வளர்ந்த ஒரு சிறு கிளை. பனி விழுமுன் காயம் ஆறிப் புதுத்துளிர் முற்றுவதற்கு இன்னும் சில வாரங்கள் உள்ளன. இனி வசந்தம் வரை உயிருள்ள தண்டில் கத்தி படாது. அழுகல் கண்டால் மட்டும் எந்த மாதமானாலும், பழுப்பு நிறம் சிறிதும் தென்படாத சதை வரும் வரை உடனே வெட்டிவிட வேண்டும்.