பேனாவுக்கும் இடம் வைத்து ஒரு நோட்டு: வேலைக் குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

அடிப்படை அளவுகளில் மாற்றமில்லை. ஏ5, அதாவது 148 × 210 மி.மீ. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள், 16 பக்க ஃபாரம் (மடித்துத் தைக்கும் தாள் கட்டு) 12, மொத்தம் 192 பக்கம். நூல் தையல், கெட்டி அட்டை. இந்த முறை பேனாவுக்கும் ஓர் இடம் வேண்டும், அட்டையின் ஓரத்தில் பேனாவைச் செருக ஒரு வளையம் போல. பேனாவை உள்ளே வைத்து மூடினால் நாளடைவில் முதுகு தளர்ந்துபோகிறது. அட்டையில் கிளிப்பை மாட்டினால் ஓரம் நசுங்குகிறது. பையில் தனியாகப் போட்டாலோ, வேண்டும்போது கையில் சாவிதான் அகப்படும்.

மேசையில் கிடந்த பேனாக்களை எல்லாம் எடுத்து காலிப்பர் வைத்து அளந்தேன். சாதாரண பால்பாயிண்ட் 8 மி.மீ. ஜெல் பேனாக்கள் 10, 11. மை பேனா மூடியோடு 13 வரை போகிறது. கிளிப்பை மாட்டித் தொங்கவிட்டால் வளையம் பிடிப்பது மூடியைத்தான். மூடியுள்ள பேனாவில் பருத்த இடமும் அதுதான். ஆகவே அங்கே அளந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

96 தாள் சேர்ந்தால் ஏறக்குறைய 10 மி.மீ. கனம். இரண்டு பக்கமும் 2 மி.மீ. அட்டை, ஆக 14. மை பேனாகூட இந்தக் கனத்துக்குள் அடங்கிவிடும். இதே நோட்டைப் பாதிப் பக்கத்தில் செய்தால் கனம் 9தான். பேனா அட்டையைத் தாண்டித் துருத்தும், மேசையில் வைத்தால் நோட்டு ஆடும். நோட்டுக்கு எத்தனை பக்கம் என்பதைப் பேனாவும் சேர்ந்து முடிவு செய்கிறது என்பது வேடிக்கைதான்.

மார்ச் 6, வியாழன்

தோல் குழாயா, எலாஸ்டிக் வளையமா?

தோல் பார்க்க லட்சணமாக இருக்கிறது. வாய் எப்போதும் திறந்தே இருப்பதால் பார்க்காமலே ஒரு கையால் பேனாவைச் செருகலாம். ஆனால் ஒரே அளவு. 11 மி.மீ.க்குத் தைத்தால் 8 மி.மீ. பேனா நழுவி விழும், 13 உள்ளே போகாது.

எலாஸ்டிக்குக்குக் கணக்கு போட்டேன். 8 மி.மீ. பேனாவின் சுற்றளவு 25 மி.மீ., 13 மி.மீ. பேனாவினுடையது 41. மெல்லிய பேனாவை இறுக்கிப் பிடிக்க வேண்டுமானால் வளையத்தின் உள்சுற்று 25க்குக் கொஞ்சம் குறைவாக, 23 இருக்கட்டும். அதில் 13 நுழைய வேண்டுமானால் எலாஸ்டிக் முக்கால் பங்குக்கு மேல் நீள வேண்டும். நீளும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தடித்த பேனா மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தால் எலாஸ்டிக் தொய்ந்துவிடும். அப்புறம் பால்பாயிண்டைச் செருகினால் நிற்காது. ஆகவே 8 முதல் 12 வரை என்று எல்லை போட்டுக்கொண்டேன். எல்லாப் பேனாவுக்கும் இடம் தரப்போனால் எந்தப் பேனாவும் சரியாக நிற்காது.

தோலைக் கைவிட இன்னொரு காரணமும் உண்டு. எழுதும்போது பேனா கையில்தான் இருக்கிறது, வளையம் காலியாக இருக்கிறது. பேனாவைச் செருகிப் படம் எடுத்தால் எந்த நோட்டும் அழகுதான். பேனா இல்லாத நேரத்தில் அந்த வளையம் என்ன செய்கிறது என்பதல்லவா முக்கியம்! தோல் குழாய் விறைத்துக்கொண்டு நிற்கும், உள்ளங்கையை உறுத்தும். எலாஸ்டிக் தட்டையாகப் படுத்துவிடும். படுத்துவிடுவதால் வாய் மூடிக்கொண்டு, பேனாவைச் செருக இரண்டு கை வேண்டியிருக்கும் என்பது அதன் குறை. இரண்டில் இந்தக் குறையோடு வாழலாம். செருகுவது எழுதி முடித்தபின் ஒரு தடவை, உறுத்துவது வரிக்கு வரி.

மார்ச் 8, சனி

முதுகில் வைத்தால் என்ன என்று ஒரு யோசனை. முதுகுக்கும் அட்டைத் துணிக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் பேனாவை நுழைப்பது. நோட்டின் அகலம் கூடாது, வெளியே எதுவும் தெரியாது. ஆனால் நோட்டை விரிக்கும்போது முதுகு வளைய வேண்டும், பேனா வளையாது. தள்ளுபடி.

அடுத்து, பழைய பாக்கெட் டைரிகளில் வந்த ஏற்பாடு. 19ஆம் நூற்றாண்டு டைரிகளில் முன்னட்டையிலும் பின்னட்டையிலும் மேல்கீழாக வளையங்கள் இருக்கும். மூடிவிட்டு எல்லாவற்றிலும் ஒரு பென்சிலைச் செருகினால் அதுவே தாழ்ப்பாள். ஜப்பானில் ஹோபோனிச்சி டெச்சோ என்ற டைரியின் உறைகளில் இன்றைக்கும் இந்த முறை இருக்கிறது. பேனாவை உருவினால் நோட்டு திறக்கும், செருகினால் பூட்டிக்கொள்ளும். தனியாக எலாஸ்டிக் பட்டை தேவையில்லை. இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஆனாலும் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். யாராவது பேனாவை இரவல் வாங்கிப் போனால் பூட்டும் சேர்ந்து போய்விடும். முன்னட்டையிலும் வளையம் வருவதால் இடது பக்கத்திலும் ஒரு தடங்கல் சேரும்.

மார்ச் 12, புதன்

உயரம். இன்று முழுக்க இதே வேலை.

பார்த்த நோட்டுகளில் பல வளையத்தை ஓரத்தின் நட்டநடுவில் வைத்திருக்கின்றன. கண்ணுக்குச் சமச்சீராகத் தெரிகிறது, சரி. ஆனால் கணக்கு இடிக்கிறது. கிளிப் வளையத்தில் உட்கார்ந்தால் பேனாவின் தலை வளையத்துக்குச் சற்று மேலே நிற்கும், மீதி முழுவதும் கீழே தொங்கும். பேனாவின் நீளம் சுமார் 140 மி.மீ. நடுவில், அதாவது மேலிருந்து 105 மி.மீ.யில் தொங்கவிட்டால் அடிமுனை 245 மி.மீ.க்குப் போகும். நோட்டோ 210தான். வெளியே நீளும் 35 மி.மீ. பையின் அடியில் இடிக்கும், ஒவ்வொரு இடிக்கும் பேனா கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வளையத்தை விட்டுக் கழன்றுவிடும்.

வளையத்தின் மேல்விளிம்பை மேலிருந்து 40 மி.மீ.யில் வைத்தால் 140 மி.மீ. பேனா 180க்கு அருகில் முடிகிறது. நீளமான பேனாவுக்கும் இடம் மிஞ்சுகிறது. மூடியுள்ள மை பேனா இப்படித் தொங்கும்போது நிப் மேல்நோக்கி இருக்கும், மை மூடிக்குள் இறங்காது. அதுவும் நல்லதுதான்.

சிலர் பேனாவைத் தலைகீழாகச் செருகுவார்கள். உருவும்போது மூடி வளையத்திலேயே தங்கிவிடும், உடல் மட்டும் கையோடு வரும். அதுதான் வசதி என்பவர்களும் இருக்கிறார்கள். நான் தலையிடுவதாக இல்லை.

மார்ச் 17, திங்கள்

இடது கைக்காரத் தோழி ஒருத்தியிடம் காகித மாதிரியைக் கொடுத்தேன். வளையம் பின்னட்டையில், வலது ஓரத்தில். அவளுக்கு இடைஞ்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "எனக்கு இது தட்டவே இல்லையே, உனக்குத்தான் தட்டும்" என்றாள். உண்மைதான். வலது பக்கத்தில் எழுதும்போது வரியின் கடைசியில் ஓரத்தைத் தாண்டுவது வலது கைதான். முதல் பக்கங்களில் தாள் அடுக்கு உயரமாக இருப்பதால் வளையம் கீழே கிடக்கும். நோட்டு முடியப்போகும் நேரத்தில் அடுக்கு குறைந்து, வளையம் உள்ளங்கை மட்டத்துக்கு வந்துவிடும். அதுவும் மேலே உள்ள சில வரிகளில் மட்டும்தான். பொறுத்துக்கொள்ளலாம்.

அவளுடைய குறை வேறு: பேனாவை எடுக்க இடது கை நோட்டைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதினால் வளையம் இடது பக்கம் வந்துவிடுகிறது, ஆனால் உயரம் மேலிருந்து கீழுக்குப் போய்விடுகிறது. இதற்குத் தீர்வு இன்னும் கிடைக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

பைண்டிங் மேசையில் முதல் மாதிரி. வளையத்தின் இரண்டு நுனியையும் சேர்த்து, பின்னட்டைக்கும் உள்தாளுக்கும் (அட்டையின் உட்புறம் ஒட்டும் தாள்) நடுவே 20 மி.மீ. உள்ளே விட்டு ஒட்ட வேண்டும். அப்படியே ஒட்டினால் எலாஸ்டிக்கின் இரண்டு மடிப்பும் உள்தாளில் மேடாகத் தெரியும். கடைசிப் பக்கங்களில் எழுதும்போது அந்த மேட்டில் பேனா ஏறி இறங்கும்.

பைண்டர் அண்ணன் எதுவும் சொல்லாமல் அட்டையில் எலாஸ்டிக் அளவுக்குக் கோடு போட்டார். கத்தியை ஆழமாக அழுத்தவில்லை, மேற்பரப்பை மட்டும் கீறினார். ஒரு மூலையைக் கத்தி நுனியால் நெம்பி இழுத்ததும் அட்டையின் மேல் அடுக்கு பட்டையாக உரிந்து வந்தது. இன்னோர் அடுக்கையும் உரித்தார். அந்தப் பள்ளத்தில் எலாஸ்டிக் விளிம்புக்குச் சரியாக உட்கார்ந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், மேடே தெரியவில்லை.

"ஒட்டும்போது இழுத்துப் பிடிக்காதீங்க தம்பி. இழுத்து ஒட்டினா அது திரும்பச் சுருங்கி உள்தாளையும் சேத்துச் சுருக்கிடும்" என்றார். வெட்டிய நுனிகள் பிரியாமல் இருக்கக் குறுக்கே ஒரு தையல். பிறகு பிவிஏ பசை, உள்தாள், இரவு முழுக்கப் பாரம்.

மார்ச் 27, வியாழன்

மாதிரி நன்றாக உழைக்கிறது. பின்னல் எலாஸ்டிக்கை இழுத்தால் அகலம் குறைகிறது, தடித்த பேனா செருகும்போது கயிறு போலச் சுருண்டுவிடுகிறது. நெய்த எலாஸ்டிக் அகலம் மாறாமல் இருக்கிறது. ஆகவே நெய்ததே, 15 மி.மீ. அகலம்.

இடது கைக்காரர்களுக்காக வளையத்தை முன்னட்டையில் வைத்து ஒரு தனி வகை செய்யச் சொல்லியிருக்கிறேன், உயரம் அதே 40 மி.மீ. தோழிக்கு அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எலாஸ்டிக் நிறம் அடர் சாம்பல். வெளிர் நிறத்தில் விரல் அழுக்கும் மைக்கறையும் உடனே தெரிந்துவிடும்.