ஏழாவது டார்ச் லைட்

கூரியர் பெட்டியைப் பிரித்தால் இன்னொரு டார்ச் லைட். இந்த மாதத்தில் ஏழாவது.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. நடுங்கும் விரலால் பெட்டியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

வளைந்த ஆணியைத் தட்டி நிமிர்த்தி மறுபடியும் அடிக்கிற மனுஷன் அவர்.

"வேண்டாம்னுதான் நினைச்சேம்மா. கை போயிடுச்சு."

பார்க்கின்சன் என்ற நடுக்க நோய்க்கு அவர் சாப்பிடும் பிரமிபெக்சோல் மாத்திரை, மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் செய்கிற வேலையைச் செய்கிறது. உடம்பின் இறுக்கம் தளர்கிறது. சிலருக்கு 'போதும்' என்று நிறுத்துகிற பிடியும் சேர்ந்தே தளர்ந்துவிடுகிறது. வாங்கிக் குவிப்பது, சூதாட்டம், அடங்காமல் தின்பது என்று ஆளுக்கொரு விதம். 2010இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளில் 13.6 சதவீதம் பேருக்கு இப்படி ஏதாவது ஒன்று இருந்தது.

இது தெரியாமல் மூன்று மாதம் அவரைத் திட்டியிருக்கிறேன். நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால், நீங்களே கேளுங்கள். வெட்கத்தில் அவர்களாகச் சொல்லமாட்டார்கள். மாத்திரையை மட்டும் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

ஏடிஎம் கார்டை அப்பாவே எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

அப்புறம் அந்த டார்ச்சில் பேட்டரி போட்டு, "ராத்திரி கரண்ட் போனா ஆகும்பா" என்றேன். லேசாகச் சிரித்தார்.